ஜாக்கி ஓர்ம்ஸ்: பொம்மைப் படம் போட்டவரா, போராளியா?

நமக்கெல்லாம் காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர்தான். வரைந்தது யார் என்று என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததே இல்லை. ஜாக்கி ஓர்ம்ஸ் பற்றிப் படித்த பிறகுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது!

1911-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். செய்தித்தாளில் சித்திரக்கதை வரைந்த முதல் கறுப்பினப் பெண் என்று கருதப்படுபவர். 1937-ல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் வார இதழில் 'டார்ச்சி பிரவுன்' தொடரை ஆரம்பித்தார். ஆனால் நான் சொல்ல வந்தது 1945 முதல் 1956 வரை வந்த 'பேட்டி-ஜோ அண்ட் ஜிஞ்சர்' பற்றி.

ஒரே ஒரு கட்டம். அழகாக உடுத்திய அக்கா, வாயாடித் தங்கை. அவ்வளவுதான். அக்கா கடைசி வரை வாயே திறக்க மாட்டாள். இதை வைத்து "இது வெறும் கவர்ச்சிப் படம்தானே" என்று ஒதுக்கிவிடலாம். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1955-க்கு வருவோம். சிகாகோவைச் சேர்ந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் மிஸிஸிப்பிக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டான். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசில் அடித்தான் என்பது குற்றச்சாட்டு. கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. சில வாரங்களில் ஓர்ம்ஸ் ஒரு படம் போட்டார். தங்கை அடுப்படியிலிருந்து வந்து, ஒரு வெள்ளை டீ கெட்டில் தன்னைப் பார்த்து விசில் அடித்ததாக அக்காவிடம் சொல்கிறாள். சிரிப்பு வருகிறது, அடுத்த நொடி தொண்டை அடைக்கிறது.

பெரியவர்கள் சொன்னால் வம்பு; குழந்தை சொன்னால்? அந்தத் தந்திரத்துக்குத் தேவை இருந்தது. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி 287 பக்கக் கோப்பு வைத்திருந்ததே!

வணிகவியல் மாணவனாக எனக்கு இன்னொரு விஷயமும் பிடித்தது. அப்போது கறுப்புப் பொம்மை என்றாலே பெரும்பாலும் கேலி உருவம்தான். 1947-ல் டெர்ரி லீ நிறுவனம் மூலம் 'பேட்டி-ஜோ' பொம்மை வந்தது. லட்சணமான முகம், மாற்றிப் போட நல்ல நல்ல உடைகள். தன் மாதிரியே இருக்கும் ஒரு பொம்மையை அந்தக் குழந்தைகள் கையில் கொடுத்ததை வெறும் வியாபாரம் என்று சொல்ல முடியுமா?

அந்த அழகான அக்காவையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். பெரிய பத்திரிகைகள் கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக மட்டுமே வரைந்த காலத்தில், அவளைக் கௌரவமாக வரைவதே ஓர் அரசியல். ஆனாலும் அந்த அக்காவையும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓர்ம்ஸ் 1985-ல் இறந்தார். அவரது வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது 2008-ல். ஐஸ்னர் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது 2018-ல். மரியாதை கிடைக்க 33 வருடம்! அடுத்த முறை காமிக்ஸ் எடுத்தால், வரைந்தவர் பெயரையும் ஒரு தடவை பாருங்கள் நண்பர்களே.