அட்லாண்டிக் தரையில் கனடாக் கல்

இன்னைக்கு எபிசோட் ஒரு மணல் பருக்கையைப் பத்தி. அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அதுதான் கதையே.

நடு அட்லாண்டிக்கை யோசிச்சுப் பாருங்க. கரை ரொம்ப தூரம். அங்கே கடலடித் தரையில் வழக்கமா படிவது மெல்லிய களிமண்ணும், ஃபோராமினிஃபெரா என்கிற நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளும்தான். ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் படிந்தாலே அதிகம்.

1980களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்முட் ஹைன்ரிக் அந்த வண்டலை ஆராய்ந்தார். அணுக்கழிவைப் போட ஆழ்கடல் ஏற்ற இடமா என்கிற கேள்விதான் அந்த வேலைக்குப் பின்னணி. குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் மண்ணை எடுத்தார்கள். எடுத்த இடம் டிரைசாக் என்ற கடலடி மலை. ஜெர்மன் மொழியில் அதற்குத் திரிசூலம் என்று அர்த்தம்.

ஓடுகள் நிறைந்த மண்ணுக்கு நடுவே சில அடுக்குகளில் ஓடுகளே கிட்டத்தட்ட காணோம். பதிலுக்கு கரடுமுரடான கல் துகள்கள். இது எப்படி வந்தது? காற்றா? அவ்வளவு பெரிய துகளை அவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது. கடலடி நீரோட்டமா? அது இந்த மலைமேல் ஏற்றி வைக்காது. அப்போ மேலேயிருந்துதான் விழுந்திருக்கணும். மிதந்து வந்த பனிப்பாறையிலிருந்து!

இது எப்படி நடக்குது? நிலத்தின் மேல் நகரும் பனி, அடியில் இருக்கிற பாறையைச் சுரண்டிக்கிட்டே போகும். அடியில் உருகிய நீர் திரும்ப உறையும்போது கல்லும் மண்ணும் பனிக்குள் மாட்டிக்கும். கடலைத் தொட்டதும் பனி உடைந்து மிதக்கும். கடல் நீரில் கரையக் கரைய, சுமையை வழியெல்லாம் கொட்டிக்கிட்டே போகும்.

ஹைன்ரிக் 1988-ல் கட்டுரையை வெளியிட்டார். 1992-ல் ஜெரார்ட் பாண்ட், வாலஸ் புரோக்கர் முதலானவர்கள் இதே அடுக்குகளை வட அட்லாண்டிக்கின் மற்ற இடங்களிலும் அடையாளம் காட்டினார்கள். 'ஹைன்ரிக் நிகழ்வுகள்' என்ற பெயரும் நிலைச்சுது. கடைசிப் பனியுகத்தில் முக்கியமானவை ஆறு. பழையது சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசியானது சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பு.

கல் எந்த ஊர்? அந்த அடுக்குகளில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் நிறைய. கனடாவின் ஹட்சன் விரிகுடா, ஹட்சன் நீரிணைத் தரையில் அதே கற்கள். அடுக்கின் தடிமனும் அந்த நீரிணை வாய்க்குப் பக்கத்தில் அதிகம், கிழக்கே போகப் போக மெலிகிறது. ஆக, வட அமெரிக்காவை மூடியிருந்த லாரன்டைட் பனிப்படலம்தான் தன் பனியைக் கூட்டம் கூட்டமா கடலில் தள்ளியிருக்கு.

ஏன் தள்ளியது? 1993-ல் டக்ளஸ் மேக்அயீல் ஒரு விளக்கம் தந்தார். பனி தடித்துக்கொண்டே போனால் அது கம்பளி மாதிரி பூமியின் வெப்பத்தை அடியிலேயே பிடிச்சு வைக்கும். அடிப்பகுதி உருகும், வழுக்கும், சரியும். மெலிந்ததும் மறுபடி உறையும். சுமார் 7,000 ஆண்டுக்கு ஒரு சுற்று. 'இல்லை, கடலின் வெதுவெதுப்பான நீர் பனியின் விளிம்பை அரிச்சதுதான் தொடக்கம்' என்பது எதிர்க்கட்சி. வழக்கு இன்னும் முடியல.

இதை நான் ஏன் சொல்றேன்? அத்தனை பனியும் உருகினால் கடல் மேல் நன்னீர் பரவும். நன்னீர் கனம் குறைவு, மூழ்காது. வடக்கே உப்பு நீர் குளிர்ந்து மூழ்குவதால்தான் அட்லாண்டிக்கின் பெரிய நீரோட்டம் ஓடுது. அது தளர்ந்தால் வெப்பம் வடக்கே போகாது. பாதிப்பு அங்கேயே நிற்கவும் இல்லை. அதே காலங்களில் நம்ம தென்மேற்குப் பருவமழை பலவீனமானதற்கான தடயம் அரபிக்கடல் வண்டலில் இருக்கு.

இன்னைக்கு லாரன்டைட் பனிப்படலம் இல்லை. ஆனா கிரீன்லாந்து உருகிக்கிட்டு இருக்கு, நன்னீர் அதே கடலுக்குத்தான் போகுது. பழைய கதை அப்படியே திரும்பும்னு நான் சொல்லல. அந்த நீரோட்டம் தளரக்கூடியதுதான்னு மட்டும் சொல்றேன். அதுக்குச் சாட்சி, வழி தவறி விழுந்த ஒரு கல்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்!