பிறவாதவன் போட்ட கையெழுத்து

கூன் விழுந்த முதுகு, குழி விழுந்த கண்கள், கோல் ஊன்றிய கை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து வாயிலில் வந்து நின்றபோது உலகம் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் தந்தது: விதி! மகன் இருந்தால் கஞ்சி. மகன் இல்லையேல் மாதா கோயில் வாயில். ஈபவனுக்குப் புண்ணியம் உண்டு என்று எழுதி வைத்தனர். ஏற்பவனுக்கு மானம் உண்டா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

உழைத்து ஓய்ந்தவனுக்கு ஊதியம் அளிப்பது பிச்சையன்று, சட்டம் தரும் உரிமை என்று நாடு முழுமைக்குமான காப்பீடாக அதை முதன்முதலில் ஆக்கியது ஜெர்மனி. ஆண்டு 1889. ஆக்கியவர் புரட்சிக்காரரோ என எண்ணிவிடாதீர், தோழர்களே! பிஸ்மார்க்! சமதர்மக் கட்சியின் கூட்டங்களுக்கும் ஏடுகளுக்கும் 1878-இல் தடைச் சட்டம் கொண்டுவந்த அதே பிஸ்மார்க். ஒரு கையில் சவுக்கு, மறு கையில் சர்க்கரை. தொழிலாளி தன் முதுமைக்கு அரசை நம்பியிருந்தால், அரசை எதிர்க்கும் கட்சியை நாடமாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. சூழ்ச்சியை உணர்ந்த சமதர்மக் கட்சியினர் மன்றத்தில் எதிர்த்தே வாக்களித்தனர். 185-க்கு 165 என்ற சிறு வேறுபாட்டில் சட்டம் தப்பிப் பிழைத்தது.

சந்தாவில் பாதி தொழிலாளி, பாதி முதலாளி. ஒவ்வோர் ஓய்வூதியத்திற்கும் அரசு ஆண்டுக்கு 50 மார்க் சேர்க்கும். வாரந்தோறும் ஓர் அட்டையில் வில்லை ஒட்ட வேண்டும். அந்த அட்டைதான் அவனது முதுமைக்கான சீட்டு. வயது? 70! பிஸ்மார்க் 65 என்று வகுத்தார் எனப் பல இடங்களில் எழுதப்படுகிறது, அது பிழை. 65 என்று குறைந்தது 1916-இல்; அப்போது பிஸ்மார்க் மறைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறந்த ஆண் மகவின் சராசரி ஆயுள் 40-ஐ எட்டாத காலத்தில் வகுத்த வயது 70. அந்தச் சராசரியைத் தாழ்த்தியது பெரும்பாலும் குழந்தைச் சாவுதான், உண்மை. ஆயினும் ஆலையிலும் சுரங்கத்திலும் அரைபட்டவர்களில் 70-ஐக் கண்டவர் சிலரே. பெரும்பாலோர் பெற்றது முதுமை ஊதியம் அன்று. அதற்கு முன்பே உடல் ஒடிந்து வேலைக்குத் தகுதியற்றுப் போனவருக்கான ஊதியம்.

அவன் இறந்துவிட்டால்? அவன் மனைவிக்கு? ஒன்றுமில்லை! 1911 வரை ஒன்றுமேயில்லை. அவ்வாண்டு தந்ததும் அவளே உழைக்க இயலாத அளவு நலிந்திருந்தால் மட்டுமே. தொழிலாளியின் விதவை துணி துவைத்துப் பிழைக்கலாம் என்று ஆண்கள் கூடிய மன்றம் முடிவு கட்டிற்று.

இனித்தான் நம் செய்திக்கு வருகிறோம். வில்லை ஒட்டிச் சேர்ந்த பணம் பெட்டகத்தில் குவிந்தது. இவன் கட்டியது இவனுக்கே என்ற கொள்கைக்கு அது மிக அருகில் இருந்தது. ஒரு தலைமுறை மற்றொன்றின் தோளில் ஏறவில்லை. நல்ல ஏற்பாடுதானே? நல்லதுதான், பெட்டகம் நிலைத்திருந்தால்! 1914-இல் போர் மூண்டது. பெட்டகப் பணம் போர்க் கடன் பத்திரங்களாயிற்று. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலை. முப்பது ஆண்டுகள் ஒட்டிய வில்லைகள் ஒரு ரொட்டிக்கும் ஆகவில்லை. மீண்டும் சேர்த்தனர், இட்லர் ஆட்சி அதையும் போருக்கே திருப்பிற்று. 1948-இல் பழைய நாணயமே ஒழிந்தது. முதியவர் இருமுறை சேமித்தார். இருமுறையும் அவர் சேமிப்பை வெடிமருந்தாக்கிச் சுட்டனர். “அவனவன் முதுமைக்கு அவனவன் சேர்த்துக்கொள்ளட்டும்” என்று இன்று எளிதாக அறிவுரை கூறுவோர் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

1950-களில் மேற்கு ஜெர்மனியின் ஆலைகள் புகைந்தன, கூலி உயர்ந்தது, கடைவீதி நிறைந்தது. முதியவர் தட்டு மட்டும் ஒழிந்து கிடந்தது. 1957 சனவரியில் அடினவர் அரசு புதுச் சட்டம் நிறைவேற்றிற்று. ஓய்வூதியம் இனிக் கூலியோடு சேர்ந்து உயரும். தொழிலாளர் ஓய்வூதியம் உடனடியாக ஏறத்தாழ 65 விழுக்காடு கூடியது. பணம் எங்கிருந்து? பெட்டகத்திலிருந்து அன்று, இன்று உழைப்பவனின் இன்றைய கூலியிலிருந்து. அவன் முதியவனானால் நாளை உழைப்பவன் தருவான். தலைமுறை ஒப்பந்தம் என்று இதற்குப் பெயர். அதே ஆண்டு செப்டம்பர்த் தேர்தலில் அடினவர் அணி 50.2 விழுக்காடு வாக்குப் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வணி கண்டறியாத பெரும்பான்மை!

வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தோம். பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமே. நாளைக்குத் தரப்போகிறவன் அன்றைக்குப் பிறக்கவே இல்லையே?” என்றான். தேர்வில் இக்கேள்வி வராது. ஆனால் பொருளாதார நூல்கள் பல பக்கம் செலவிட்டுத் தேடுவது இதனைத்தான்.

பிறவாதவனையும் எண்ணிப் பார்த்த ஒருவர் அன்றே இருந்தார். வில்ஃபிரிட் ஷ்ரைபர் என்னும் பொருளியல் அறிஞர். 1955-இல் அவர் வரைந்த திட்டமே 1957 சட்டத்திற்கு வித்து. அவர் கத்தோலிக்க முதலாளிகள் சங்கத்தைச் சார்ந்தவர். அதற்காக அவர் கணக்கை நாம் தள்ள வேண்டுவதில்லை. அவர் திட்டத்தில் இரு கைகள் இருந்தன. உழைக்கும் தலைமுறை ஒரு கையால் முதியோருக்கு ஊதியம் தரட்டும். மறு கையால் 20 வயது வரை பிள்ளைகளுக்கும் ஊதியம் தரட்டும் என்றார். பிள்ளையை வளர்க்கும் சுமையைப் பெற்றவர் மட்டும் சுமக்க, அப்பிள்ளை வளர்ந்து தரும் சந்தாவை ஊரே உண்பது முறையா என்பதே அதன் உட்பொருள்.

அரசு என்ன செய்தது? முதியோர் கையை எடுத்துக்கொண்டது. பிள்ளைக் கையை வெட்டி எறிந்தது. ஏன்? முதியவர்க்கு வாக்குண்டு. தொட்டிலில் கிடப்பவனுக்கு வாக்குச் சீட்டு ஏது?

வெட்டப்பட்ட கையால் முதலில் வாடியவள் தாய். ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஐவரையும் சந்தா கட்ட அனுப்பியவள், தான் ஆலையில் வேலை பார்க்கவில்லை என்பதால் ஓய்வூதியப் பட்டியலில் இல்லை! 1986-இல்தான் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு என்று வளர்ப்புக் காலம் கணக்கில் வந்தது. அப்போதும் 1921-க்கு முன் பிறந்த தாய்மாரை விலக்கினர். யார் அவர்கள்? போரில் இடிந்த நகரங்களின் செங்கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கிய பெண்கள்! கண்டனம் எழுந்த பிறகே, 1987 முதல், மூத்தவர் முதலாகப் படிப்படியாகச் சேர்த்தனர். 1992-இல் அரசமைப்பு நீதிமன்றமும் பிள்ளை வளர்ப்பை ஓய்வூதியத்தில் மேலும் மதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஷ்ரைபர் எழுதி 37 ஆண்டுகள் கழித்து!

இதற்கிடையே எண்கள் தம் வேலையைச் செய்தன. 1964-இல் இரு ஜெர்மனிகளிலும் பிறந்த குழந்தைகள் 13 இலட்சத்து 57 ஆயிரம்; 1975-இல் 7 இலட்சத்து 82 ஆயிரம். 1960-களின் தொடக்கத்தில் ஓர் ஓய்வூதியருக்குச் சந்தா கட்டியோர் ஏறத்தாழ அறுவர். இன்று ஏறத்தாழ இருவர். பற்றாக்குறையை நிரப்ப நடுவண் அரசு வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 கோடி யூரோவுக்கு மேல் கொட்டுகிறது. பள்ளிக்கும் பாலத்திற்கும் போயிருக்கக்கூடிய பணம் அது.

முதியவர்மீது பழி போடுவோர் கூட்டமும் இதனால் கிளம்பியுள்ளது. நாம் அக்கூட்டத்தில் இல்லை. நீண்ட ஆயுள் குற்றமன்று. மருத்துவமும் தூய குடிநீரும் நல்லுணவும் தந்த வெற்றி அது. மேலும் “இளைஞர், முதியவர்” என்று இரண்டாகப் பிரித்துப் பேசும்போது ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. எல்லா முதியவரும் ஒருவரல்லர். சுரங்கத்தில் இருமியவன் ஊதியம் பெறும் ஆண்டுகள் குறைவு. வங்கி நாற்காலியில் இருந்தவன் பெறும் ஆண்டுகள் அதிகம். ஓய்வு வயதை எல்லார்க்கும் ஒன்றுபோல் உயர்த்தினால் முந்தியவனிடம் பறித்துப் பிந்தியவனுக்குக் கொடுப்பதாகும். 1908-இல் இங்கிலாந்தில் முதியோர் ஊதியச் சட்டம் வந்தபோது சந்தாவே கேட்கவில்லை. செலவுக்குச் செல்வரிடமும் நிலப்பிரபுக்களிடமும் வரி கேட்டார் லாயிட் ஜார்ஜ். 1909 நவம்பரில் பிரபுக்கள் சபை 350-க்கு 75 என்று அந்த வரவு செலவுத் திட்டத்தைத் தள்ளிற்று. தள்ளியதன் விலையாக 1911-இல் தன் அதிகாரத்தையே இழந்தது. படியளப்பவன் பேரன் மட்டும்தானா, பங்களாக்காரனும் உண்டா என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டது. ஜெர்மனியில் அது போதிய உரத்துடன் கேட்கப்படவில்லை என்பது நம் கருத்து.

2007-இல் ஜெர்மனி ஓய்வு வயதைச் சிறுகச் சிறுக 67 ஆக்கச் சட்டம் செய்தது. 2025-இல் சராசரிக் கூலியில் 48 விழுக்காடு என்ற ஓய்வூதிய அளவை 2031 வரை தாழாது காக்கும் சட்டம் மன்றத்திற்கு வந்தது. 2031-க்குப் பின் வரும் செலவு எங்கள் தலையில் விடியும் என்று ஆளுங்கட்சியிலேயே 18 இளம் உறுப்பினர்கள் எதிர்த்தனர். டிசம்பர் 5-ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 1964-இல் பிறந்த அந்தப் பெரும்படை 67 வயதை எட்டும் ஆண்டும் அதே 2031.