அமெரிக்கக் கார்களின் எரிபொருள் சிக்கனம்: 1973-க்குப் பின்

ஒரு கேலன் பெட்ரோலில் கார் எத்தனை மைல் ஓடும் என்பதை 1973 வரை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் பொருட்படுத்தியதில்லை. பெட்ரோல் மலிவு, கார்களோ பெரியவை, கனமானவை. அவ்வாண்டு அக்டோபரில் அரபு-இசுரேல் போர் மூண்டது. இசுரேலுக்கு ஆயுதம் அளித்த அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதில்லை என அரபு நாடுகள் முடிவெடுத்தன. பீப்பாய் ஏறத்தாழ 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. சில மாநிலங்களில், ஒற்றைப்படை எண்ணில் முடியும் வண்டிகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என முறைவைத்தே பெட்ரோல் ஊற்றினார்கள்.

அரசின் பார்வை முதலில் ஓட்டுநர் மீதே விழுந்தது. 1974 ஜனவரி 2 அன்று அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட சட்டம், நெடுஞ்சாலைகளின் உச்ச வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராக, வரையறுத்தது. இணங்காத மாநிலங்களுக்கு நடுவண் அரசின் சாலை நிதி கிடையாது.

இதன் அடிப்படை எளிய இயற்பியல்தான். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 55 மைலிலிருந்து 65 மைலுக்குப் போனால் வேகம் 18 விழுக்காடே கூடும். காற்றுத்தடையோ ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். மாணவர்கள் 65-ஐ 55-ஆல் வகுத்து, ஈவை இருமடியாக்கிச் சரிபார்க்கலாம். கணக்கு சரிதான். ஆனால் மேற்கு மாநிலங்களின் நீண்ட, வெறிச்சோடிய சாலைகளில் பலர் இவ்வரம்பை மதிக்கவில்லை. நகருக்குள் ஓடும் கார்களுக்கோ இதனால் பயனே இல்லை. எதிர்பார்த்த அளவு சேமிப்பு கிடைக்கவில்லை. வேறொரு நன்மை விளைந்தது: 1973-இல் சாலை விபத்துகளில் சுமார் 54,000 பேர் இறந்தனர், 1974-இல் அது சுமார் 45,000 ஆகக் குறைந்தது. மக்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். இந்த வேக வரம்பு 1995-இல் நீக்கப்பட்டது.

பெரிய மாற்றம் தொழிற்சாலைகளில்தான் நிகழ்ந்தது. 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்தது. ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரி, 1978-இல் கேலனுக்கு 18 மைலும் 1985-இல் 27.5 மைலும் இருக்கவேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரித்தானிய கேலன் 4.546 லிட்டர். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். நம் கணக்கில் இவ்விலக்குகள் லிட்டருக்கு 7.7, 11.7 கிலோமீட்டர். நிறுவனங்கள் கார்களின் எடையைக் குறைத்தன. எஞ்சின் விசையை முன்சக்கரங்களுக்குக் கொடுத்தன. 1980-களில் கார்புரேட்டரின் இடத்தை, மின்னணுக் கட்டுப்பாட்டில் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் கருவி பிடித்துக்கொண்டது.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பிக்கப் போன்ற இலகு சரக்கு வண்டிகளுக்குக் குறைவான இலக்கே வைக்கப்பட்டது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. அதன்பின் 1990-களில் குடும்பங்கள் எஸ்யூவிகளை வாங்கிக் குவித்தன. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றாலும், சட்டத்தின் கண்ணில் அவற்றுள் பெரும்பாலானவை சரக்கு வண்டிகளே! கார்களுக்கான 27.5 மைல் என்ற இலக்கும் 1990 முதல் 2010 வரை அசையவில்லை. கார்களையும் இலகு சரக்கு வண்டிகளையும் சேர்த்து, 2020-க்குள் சராசரி 35 மைலாவது எட்டவேண்டும் என்ற சட்டம் 2007 டிசம்பரில்தான் வந்தது.