வளாகப் பூனைகளும் தன்னார்வலர்களும்: சாப்பாடு வைப்பது மட்டும் போதுமா?

பல்கலைக்கழக வளாகங்களில் கட்டாக்காலிப் பூனைகள் பெருகுவது பல நாடுகளிலும் உள்ள பிரச்சினை. தனியாக அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் ஆசைக்கு ஒரு குட்டியை வளர்ப்பார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அதை வெளியே விட்டுவிடுவார்கள். உணவகக் கழிவும் கட்டடங்களின் கீழ்த்தளச் சூடும் அதற்குப் போதும். சில மாதங்களில் அது குட்டி போடும். பெண் பூனை ஐந்து மாத வயதிலேயே சினைப்படக் கூடியது. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது கிழமை மட்டுமே. வருடத்தில் இரண்டு, மூன்று முறை கூட ஈனும்.

முதல் இரண்டு மாதங்களில் மனிதர் கைபடாமல் வளரும் குட்டி பின்னர் மனிதரை அண்டாது. அதை வீட்டுக்குள் அடைத்தால் மூலைக்குள் ஒளிந்தே வாழும். கைவிடப்பட்ட வீட்டுப் பூனைக்குப் புது வீடு தேடிக் கொடுக்கலாம். வெளியிலேயே பிறந்து வளர்ந்த பூனைக்கு அது பொருந்தாது. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதுதான் வளாகத் தன்னார்வலர்களின் முதற் பாடம்.

இந்தப் பணிக்கு முன்னோடி கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம். 1989 இல் அங்கிருந்த நூற்றுக்கணக்கான பூனைகளை அகற்ற நிர்வாகம் திட்டமிட்டபோது, ஊழியர்களும் மாணவர்களும் சேர்ந்து வேறொரு வழியை முன்வைத்தார்கள். பிடிப்பது, கருத்தடை செய்வது, அதே இடத்தில் திருப்பி விடுவது, தொடர்ந்து பராமரிப்பது என்பதே அந்த வழி. கியூபெக்கிலும் இன்று பின்பற்றப்படுவது இந்த நான்கு படிகள்தான்.

இது பலன் தருமா என்பதற்கு நல்ல சான்று புளோரிடாவில் இருக்கிறது. மத்திய புளோரிடாப் பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை 11 வருடங்கள் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பூனையையும் பதிவு செய்தார்கள். மொத்தம் 155 பூனைகள். அவற்றில் ஏறத்தாழ பாதிக்கு வீடு கிடைத்தது. 1996 இல் 68 ஆக இருந்த தொகை 2002 இல் 23 ஆகக் குறைந்தது. அவுஸ்திரேலியாவில் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2008 இல் 69 பூனைகள் இருந்தன. 2017 இல் எஞ்சியவை 15. இடையில் புதிதாக வந்து சேர்ந்த பூனைகளையும் உடனுக்குடன் பிடித்துக் கருத்தடை செய்ததால்தான் இது முடிந்தது.

இந்த எண்கள் சொல்வது ஒன்றுதான். சாப்பாடு வைப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது. கருத்தடை இல்லாமல் சாப்பாடு வைத்தால் கூட்டம் பெருகும், குட்டிகள் நோயிலும் வாகனங்களிலும் அடிபட்டுச் சாகும். சாப்பாட்டை நிறுத்திவிட்டாலும் பூனைகள் காணாமல் போவதில்லை, பசியோடு குப்பையைக் கிளறும். நல்ல தன்னார்வலரின் இலக்கு, ஒருநாள் சாப்பாடு வைக்க அங்கே பூனையே இல்லாமல் போவதுதான்.

வேலை நடக்கும் முறை இதுதான். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்துப் பூனைகளை எண்ணுவார்கள். பிடிக்கும் நாளுக்கு முன் உணவை நிறுத்தி, கூட்டுப் பொறிக்குள் மீன் வைப்பார்கள். அகப்பட்டதும் கூட்டைத் துணியால் மூடினால் பூனை அமைதியாகும். மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, ஒரு காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுவார். தூரத்திலிருந்து பார்க்கும்போதே கருத்தடை செய்த பூனை என்று தெரிய அதுவே அடையாளம்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கனடாவில் பூனைகள் ஒரு வருடத்தில் 10 கோடி முதல் 35 கோடி வரையான பறவைகளைக் கொல்வதாக 2013 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பறவை ஆர்வலர்கள் பூனைகளை வெளியே திருப்பி விடுவதையே ஏற்பதில்லை. ஆகவே தொகையைக் குறைக்காத பராமரிப்பை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

மொன்றியலில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. பாகை சைபருக்குக் கீழே இருபது வரை இறங்கும் இரவுகளில் பூனைகளின் காதும் பாதமும் உறைந்து போகும். தன்னார்வலர்கள் தடித்த ஸ்டைரோஃபோம் பெட்டியில் சிறு வாசல் வெட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பார்கள். உள்ளே வைக்கோல்தான் போட வேண்டும், போர்வை கூடாது. போர்வை ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். மிஞ்சிய உணவை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரக்கூன்கள் வந்துவிடும்.

நகரத்தின் சட்டமும் தெளிவானது. 2015 டிசம்பரிலிருந்து கியூபெக் சட்டப்படி விலங்குகள் வெறும் பொருட்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள். 2020 ஜனவரி 1 முதல் மொன்றியலில் வளர்ப்புப் பூனைகளுக்குக் கருத்தடையும் மைக்ரோ சிப்பும் கட்டாயம். 1869 இல் தொடங்கிய மொன்றியல் எஸ்பிசிஏ, கட்டாக்காலிப் பூனைகளுக்கான கருத்தடைத் திட்டத்தையும் நடத்துகிறது.

எங்கள் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பார்க் எக்ஸ்ரென்சன், கோட் டே நேஜ் ஒழுங்கைகளில் மீன்தலை வைக்கும் அம்மம்மாமார் இருக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்தபோது வளர்த்த நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த இரக்கத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இங்கே ஜூலை 1 இல் வீடு மாறும்போது வழி இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாட்களில்தான் கைவிடப்படும் பூனைகள் அதிகம். பூனைக்கு இடமுள்ள வீட்டை முன்கூட்டியே தேடுங்கள். முடியாவிட்டால் உறவினரிடமோ காப்பகத்திடமோ நேரத்தோடு கேளுங்கள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளை பூனைக்குட்டி கேட்டால், படிப்பு முடிந்த பின் அதை யார் பார்ப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒழுங்கையில் சாப்பாடு வைக்கும் பூனையின் காது நுனி வெட்டப்படாமல் இருந்தால், எஸ்பிசிஏக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.