தொழுவத்து மண்ணும் இந்தூர் குழியும்

மாடித்தோட்டம் வச்சிருக்கிற சென்னை நண்பர்கள் கேக்குறது ஒண்ணுதான்: "தொட்டி மண்ணு கல்லாட்டம் இறுகிப் போகுதே, என்ன போடலாம்?" பதில் சொல்ல நூறு வருசம் பின்னாடி போகணும்.

1889-ல் வெள்ளைக்கார அரசு வோல்க்கர் என்ற வேதியியல் நிபுணரை இந்தியாவுக்கு அனுப்பியது. ஊர் ஊராகச் சுற்றி 1893-ல் அறிக்கை கொடுத்தார். இந்திய விவசாயிக்குப் பெரும்பாலும் குறை அறிவில் இல்லை, வசதியில்தான் என்று எழுதினார். விறகு கிடைக்காததால் சாணி அடுப்புக்குப் போகிறது. விறகுக்கு மரம் வளர்த்தால் எரு மண்ணுக்கு வரும் என்பது அவர் யோசனை. வறட்டி அடுப்புச் சோறு தின்னு வளர்ந்தவன் நான், அதைக் குறை சொல்ல வாய் வரல. ஆனா அவர் சொன்னது நியாயம்.

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் பீகாரின் பூசாவில் வேலைக்குச் சேர்ந்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். பருத்திமாறு, சருகு, களை எதையும் எரிக்காமல், சாணியும் சாம்பலும் சேர்த்து ஆழமில்லாத குழியில் அடுக்கினார். மூணு தடவை புரட்டினால் மூணே மாசத்தில் மக்கு தயார். எனக்குப் பிடிச்சது அவர் தொழுவத்தைக் கையாண்ட விதம். மாடு நிக்கிற தரையை மண்ணாகவே விட்டு, கோமியம் ஊறின அந்த மண்ணை வெட்டிக் குழியில் போட்டு, புது மண் பரப்பினார். தழைச்சத்தில் பெரும்பங்கு கோமியத்தில்தான் இருக்கு. இன்னைக்கு எங்க ஊர்த் தொழுவமெல்லாம் சிமெண்ட் தரை. கோமியம் சாக்கடைக்குப் போகுது, யூரியா கடையிலேர்ந்து வருது. எருக்குழி இருந்த இடத்துல பைக் நிக்குது.

உங்க தொட்டிக்கு மாடு வேண்டாம். அடியில ஓட்டை போட்ட பக்கெட்டில் சருகு ரெண்டு மூணு பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, நடுநடுவே ஒரு கை பழைய மண். சாம்பல் இருந்தா கொஞ்சமாத் தூவுங்க. பிழிஞ்ச துணி அளவு ஈரம் போதும். வாரம் ஒருக்கா கிளறுங்க; நாத்தம் வந்தா ஈரம் கூடிப்போச்சு, சருகைச் சேருங்க. மழை மண் வாசனை வந்ததும் தொட்டி மண்ணோட மூணுக்கு ஒண்ணுன்னு கலந்திடுங்க. மக்கு, களிமண்ணைப் பொலபொலன்னு உருண்டையாக்கி வேருக்குக் காத்து விடும். தெருவுல கூட்டிக் கொளுத்துற சருகை மட்டும் ஒரு சாக்குல வாங்கி வச்சுக்குங்க.