பாடம் செய்யப்பட்ட பறவைகளும் முத்துவின் பெயரும்

கொழும்பில் ஹெவ்லொக் டவுனுக்கு வடக்கே, கறுவாத்தோட்டத்தில் 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட நூதனசாலை, தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் உருவானதெனினும், இலங்கைப் பறவைகளைச் சேகரித்து வகைப்படுத்தும் பணி அதற்கு ஒரு தலைமுறை முன்னரே தொடங்கியிருந்தது.

இறந்த பறவையின் தோலை இறகுகளோடு உரித்துக் கெடாமல் காக்கும் கலை 'பாடம் செய்தல்' எனப்படும். தொடக்ககால ஐரோப்பியச் சேகரங்களில் பூச்சிகள் தோல்களை அரித்துவிட்டன. ஒக்ஸ்போர்டில் இருந்த டோடோவின் உடல் சிதைந்து, தலையும் ஒரு காலுமே எஞ்சின. பிரான்சின் மெட்ஸ் நகர மருந்தாளர் பெக்கோர் 18ஆம் நூற்றாண்டில் பாஷாணம், கற்பூரம், சுண்ணாம்பு முதலியவற்றைச் சவர்க்காரத்தோடு கலந்து உருவாக்கிய பசை, அவரது மறைவுக்குப் பின் அச்சில் வெளிவந்து பரவியபோதுதான் சேகரங்கள் நிலைத்தன. அந்த நஞ்சு பழைய தோல்களில் இன்றும் தங்கியிருப்பதால் அவற்றைக் கையுறையின்றித் தொடலாகாது.

காட்சிக்குரிய பறவை கண்ணாடிக் கண்களோடு உயிருள்ளது போல நிறுத்தப்படும். ஆய்வுக்குரிய தோலோ வயிற்றுப்பக்கம் கீறி உடலை நீக்கி, உட்புறம் காப்புப்பொருள் தடவிப் பஞ்சு அடைத்து, சிறகுகளை மடக்கி மல்லாத்தி வைக்கப்படும். அதன் காலில் கட்டப்படும் சிறு சீட்டில் இடம், நாள், பால், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதப்பட்டிருக்கும். அச்சீட்டு இழந்த தோல் பெரும்பாலும் சான்றாகாது.

1846 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் பணியாற்றிய எட்கர் லேயார்ட், தாம் சேகரித்த பறவைகளைக் கல்கத்தா ஆசியக் கழக நூதனசாலையின் எட்வர்ட் பிளைத்துக்கு அனுப்பினார். இலங்கைக்கே உரிய கிளியொன்றுக்கு 1849இல் லேயார்டின் மனைவியின் குடும்பப் பெயரால் பிளைத் 'கல்த்ரபே' எனப் பெயரிட்டார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கிடைத்த பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு லேயார்ட் 1854இல் இட்ட 'முத்துயி' என்னும் பெயரோ, அவருக்காகப் பறவைகளைத் தேடிக் கொணர்ந்த பணியாளர் முத்துவுக்குரியது. உலக அறிவியல் ஏடுகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆயினும் முத்துவுக்குக் கிடைத்த இச்சிறப்பு அரிதானது. காட்டையும் களப்பையும் அறிந்து பறவையைக் கொணர்ந்த உள்ளூரார் பலரின் பெயர் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. பழைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் எஞ்சியுள்ள அப்பெயர்களைத் தேடி நூதனசாலைப் பட்டியல்களில் சேர்ப்பது, இலங்கை இயற்கை வரலாற்றாய்வாளர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமையாகும்.