சிதம்பரம், காஞ்சி, காளஹஸ்தி... ஒரே நேர்கோட்டில் கோயில்களா? வைரல் மெசேஜும் வடிவியலும்

கேதார்நாத் தொடங்கி ராமேஸ்வரம் வரை முக்கியமான சிவன் கோயில்கள் எல்லாம் 79 டிகிரி 41 நிமிட தீர்க்கரேகையில், ஒரே நேர்கோட்டில் இருக்கு என்ற வாட்ஸ்அப் மெசேஜ் உங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கும். இதில் ஒரு பகுதி உண்மை. எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க பள்ளிக்கூட வடிவியலே போதும்.

எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றை இணைத்து ஒரு நேர்கோடு போட்டுவிடலாம். கடலூரையும் சிதம்பரத்தையும் இணைத்தாலும் கோடுதான், அதில் அதிசயம் எதுவும் இல்லை. மூன்றாவது புள்ளியும் அதே கோட்டில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால் அவை 'ஒரு கோடமைப் புள்ளிகள்'.

மொபைலிலேயே செக் பண்ணலாம்

மேப்பில் கோயில் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் தீர்க்கரேகை. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்கு சுமார் 79.693. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு 79.700. காளஹஸ்திக்கு 79.698.

அதாவது, தெற்கு வடக்காக சுமார் 260 கி.மீ. தூரத்தில் பக்கவாட்டு விலகல் 700 மீட்டர் அளவுதான். நோட்டில் 26 செ.மீ. கோடு போட்டால், விலகல் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். ஆக, இந்த மூன்று கோயில்கள் பற்றிய தகவல் ஏறக்குறைய சரி.

மற்றவை? பஞ்சபூதத் தலங்களில் மீதியுள்ள திருவண்ணாமலை சிதம்பரத்தின் தீர்க்கரேகைக்கு 68 கி.மீ. மேற்கே இருக்கிறது. திருவானைக்காவல் 100 கி.மீ.க்கும் மேல் தள்ளி. ராமேஸ்வரம் சுமார் 40 கி.மீ., கேதார்நாத் சுமார் 60 கி.மீ. மேற்கே விலகி நிற்கின்றன. தெலங்கானாவின் காளேஸ்வரமோ எதிர்ப்பக்கம், 20 கி.மீ.க்கும் மேல் கிழக்கே. இதை நேர்கோடு என்று சொல்ல முடியாது.

இந்தப் பகுதியில் பழமையான சிவன் கோயில்கள் ஏராளம். அத்தனை புள்ளிகளில் கோட்டுக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுத்தால் கோடு கிடைக்கத்தான் செய்யும். அதனால், மூன்று கோயில்கள் ஒரே வரிசையில் இருப்பது மட்டுமே திட்டமிட்டு அமைத்ததற்கு ஆதாரம் ஆகிவிடாது. சிதம்பரத்தின் பெருமை இந்தக் கோட்டை நம்பியும் இல்லை.

இன்னொன்று, தீர்க்கரேகை உண்மையில் நேர்கோடே கிடையாது. பூமி உருண்டை என்பதால் அது ஒரு வில்.

அந்த வில்லை அளந்த ஊர் கடலூர் பக்கத்தில்

இப்படி ஒரு வில்லின் நீளத்தை அளக்கும் வேலை கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் வரை வந்திருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை சங்கிலி வைத்து அளந்தார். அதன்பிறகு தரையில் எல்லாத் தூரத்தையும் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோணங்களைத்தான் அளந்தார்.

காரணம் எளிது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மீதி இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாக வைக்கலாம். இப்படியே முக்கோணம் மேல் முக்கோணமாகத் தெற்கே வந்ததில் தென்முனைப் புள்ளிதான் திருவந்திபுரம். வடமுனை சென்னைக்கு வடக்கே. இரண்டு முனைகளிலும் நட்சத்திரங்களின் உயரத்தைப் பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடித்தார்கள். வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். தூரத்தை அதனால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும். நம் பகுதியில் அது சுமார் 110.6 கி.மீ.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்றுதானே படித்தோம்? லாம்டன் அளந்ததைப் போன்ற பெரிய முக்கோணங்களில் அதற்கு ஒரு துளி கூடுதலாக வரும். சுமார் 200 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. பூமியின் வளைவுதான் காரணம்.